புதன்கிழமை டேப்

மேடிசன், டென்னசி
ஜனவரி 18, 2022

அன்புள்ள வெர்னா,

கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பிறகு மே மாதம் வரை நமக்குள் தபால் கிடையாது. ஜனவரியிலேயே என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறியிருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. விரல்தான் மடங்க மறுக்கிறது. ஸ்டீல் கிட்டாரை உறை போட்டு மூடி இரண்டு வருடமாகிறது.

எமெட் ரோவின் அலுவலகத்திலிருந்து கொரின் என்று ஒரு பெண் போன் செய்தாள். அவருடைய பழைய டேப்புகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலையாம். அறுபத்தொன்பதில் எமெட் வடக்கேயிருந்து வந்து, நம்மையெல்லாம் வைத்துக்கொண்டு நாஷ்வில்லில் கன்ட்ரி பாட்டுப் பாடினாரே, அந்த டேப்புகள் முழுசாக இருக்கின்றனவாம். அப்போது பாடிப் பார்த்துத் தள்ளிவைத்த டேக்குகள், பாதியில் நின்றவை, நடுவில் நாம் பேசியவை, எல்லாவற்றையும் சேர்த்து ஐந்து சிடியாக இந்த அக்டோபரில் வெளியிடுகிறார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் இன்று மிச்சம் எமெட், நான், நீ. மூன்றே பேர்.

நாம் பேசியதை வெளியிட நம் கையெழுத்து வேண்டுமாம். ஒரு பிரதி எனக்கு அனுப்புகிறாள். கேட்டுவிட்டு உனக்கு அனுப்பச் சொன்னாள். "உங்க ஸ்டீல் கிட்டார எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியாது சார்" என்றாள். எண்பத்தொரு வயதில் இந்த மாதிரி வார்த்தை காதில் விழுந்தால் இரண்டு நாளைக்குச் சாப்பாடு வேண்டாம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

என்றும் உன் நலம் நாடும்,
டெல்மர்


நியூபோர்ட், டென்னசி
ஜனவரி 27, 2022

டெல்மருக்கு,

பதறவெல்லாம் இல்லை. உனக்கு ஏதாவது ஆனால் உன் தங்கை ஓபல் போன் செய்வாள், நீயே உட்கார்ந்து கடிதம் எழுதமாட்டாய் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது. முழங்கால் என்னைவிட வயதானதுபோல் நடந்துகொள்கிறது.

அந்த ஆட்களுக்கு வேறு வேலையே இல்லையா? உருளைக்கிழங்குத் தோலை யாராவது தட்டில் வைத்துப் பரிமாறுவார்களா? நன்றாக வந்ததை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளினோம். தள்ளியதற்குக் காரணம் இருந்தது. எனக்குச் சுருதி தப்பியது, உனக்குக் கம்பி அறுந்தது, எமெட்டுக்கு அவர் எழுதிய வரியே மறந்தது. இதை வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? உன்னைப் புகழ ஒரு பெண் கிடைத்துவிட்டாள், அதனால் உனக்கு இது பொக்கிஷம். நடத்து.

எனக்கு வெளிவந்த பாட்டு ஒன்று போதும். 'வேலிக்கு அந்தப் பக்கம்' இன்னும் சூப்பர் மார்க்கெட்டில் ஓடுகிறது. போன வாரம் சோளமாவு அடுக்கின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, முடியும் வரை நின்றேன். கடைப் பெண் வந்து, "ஏதாவது தேடுறீங்களா ஆன்ட்டி?" என்றாள். இல்லை என்றேன். உனக்குத் தெரியும், அந்தப் பாட்டை முடித்த பிறகுதானே பிள்ளையைப் பார்த்துக்கொண்ட ஹேஸ்கெட் அம்மாவின் போன் வந்தது. அதில் பாடுகிற வெர்னாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வீட்டில் அவளுக்கு ஐந்து வயது மகள் இருக்கிறாள். மூன்றேகால் நிமிடம் அவளாக இருந்துவிட்டு நான் சோளமாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

படிவம் வந்தால் அனுப்பு. பார்க்கலாம்.

வெர்னா


மேடிசன்
பிப்ரவரி 16, 2022

அன்புள்ள வெர்னா,

உட்கார்ந்துகொண்டு படி. ரெட்டாவின் குரல் அதில் இருக்கிறது.

நம் மகளின் குரல். நான் கனவு காணவில்லை, குடிக்கவும் இல்லை. அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை. ஹேஸ்கெட் அம்மா பல் பிடுங்கப் போனதால் அன்று அவளை ஸ்டூடியோவுக்குக் கூட்டி வந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் காலடியில் மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். எமெட் பாட ஆரம்பித்து நின்றுவிடுகிறார். உடனே இவள், "மிஸ்டர், ரெண்டாவது வரியவே மறுபடியும் பாடிட்டீங்க" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம். எமெட் சொல்கிறார், "அப்படியா பெரிய மனுஷி? நீயே எண்ணு, நான் ஆரம்பிக்கிறேன்." நாலோடு நிறுத்தவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பதினாலு வரை எண்ணுகிறாள், வெர்னா. நடுவில் அந்த மூச்சிழுப்பு, விசில் மாதிரி, அதுகூடக் கேட்கிறது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்.

நாஷ்வில்லில் டேப்பை வீணாக்குகிறவன் கிடையாது. டேக் முடிந்தால் நிறுத்திவிடுவார்கள். எமெட் எப்போது பாடுவார் என்று அவருக்கே தெரியாததால், நிறுத்தவே கூடாது என்று ரெக்கார்டிங் செய்த பியூஃபோர்டுக்கு உத்தரவு. அதனால்தான் இது நமக்குக் கிடைத்தது. நீ தோல் என்றாய். வெளிவந்த ரெக்கார்டு இஸ்திரி போட்ட சட்டை. இதில் நாம் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். எமெட்டின் குரல்கூட இதில்தான் பயமில்லாமல் இருக்கிறது.

இரண்டு சிடி கேட்டுவிட்டேன். மூன்றாவது புதன்கிழமையுடையது. அதை இன்னும் போடவில்லை. கேட்டு முடித்ததும் எல்லாவற்றையும் கட்டி அனுப்புகிறேன். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

டெல்மர்


நியூபோர்ட்
பிப்ரவரி 21, 2022

அன்புள்ள டெல்,

கேட்டு முடிக்கிற வரை காத்திருக்காதே. உடனே அனுப்பு. ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. அவள் சிவப்புக் கோட்டை இன்றுவரை துவைக்கவில்லை, அது உனக்கும் தெரியும். குரல்தான் போய்விட்டது. எண்பதாம் வருட வாக்கில் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் என்னைக் கூப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. வேறு ஏதோ பிள்ளையின் குரல்தான் வந்தது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை. பெற்றவளுக்கு மறந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது?

தோல் என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வீட்டைப் பெருக்கும்போதுதானே தொலைந்த கம்மல் கிடைக்கிறது. கொரினுக்கு இன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பையனின் பழைய பிளேயரையும் வாங்கி மேஜைமேல் வைத்தாயிற்று.

பதினாலு வரையா? அவளுக்குப் பதினைந்துகூடத் தெரியுமே. யார் நிறுத்தினீர்கள்?

வெர்னா


மேடிசன்
மார்ச் 5, 2022

அன்புள்ள வெர்னா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்பு கொஞ்சம் சரியில்லை.

செவ்வாய்க்கிழமை சிடியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ரெட்டா ஆறாவது பதிவில் வருகிறாள். மூன்றாவது சிடி கீறல் விழுந்து ஓடவில்லை. அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. 'வேலிக்கு அந்தப் பக்கம்' பத்துப் பதினோரு தடவை, எல்லாம் பாதியில் நிற்பவை. நீ முதலில் சொன்னதுதான் சரி. எல்லாக் குப்பையையும் கிளறக்கூடாது. செவ்வாய்க்கிழமைப் பேச்சு இருக்கட்டும், புதன்கிழமைப் பேச்சை மட்டும் எடுத்துவிடு என்று கொரினுக்கு எழுதியிருக்கிறேன். கன்னாபின்னாவென்று பேசியிருக்கிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஓயாத மழை. ஓபல் தினமும் சூப் கொண்டுவந்து வைக்கிறாள்.

டெல்மர்


நியூபோர்ட்
மார்ச் 14, 2022

என் அன்புள்ள டெல்,

கேட்டேன். முதல் நாள் ஒரே ஒரு தடவை. அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பதினாலுக்குப் பிறகு நிறுத்தியது நான்தான். "போதும்டி செல்லம், மிஸ்டருக்கு வேல இருக்கு" என்கிறேன். இனி ஒருமுறை கிடைத்தால் நூறு வரை எண்ணவிடுவேன்.

உனக்கு ஒன்று சொல்லவேண்டும். எழுபத்துநாலில் நீ மெம்ஃபிஸ்காரிக்காக என்னை விட்டுப் போனபோது, இந்த ஜென்மத்தில் உன்னை மன்னிக்கக்கூடாது என்று இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை கல்லறை ஞாயிறன்று நீ பூவோடு வருவாய், ரெட்டாவின் கல்லைத் துடைப்பாய், என் கோழிப்பொரியலைத் தின்றுவிட்டுப் போவாய். அவளுக்காகத்தான் உன்னை அங்கே விட்டேன். இப்போது அந்தக் கோபம் எங்கே போனது என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. எண்பத்தொரு வயது மனுஷன் கிடைத்ததைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எனக்கு அனுப்பினாயே.

மே இருபத்திரண்டு கல்லறை ஞாயிறு. சாயங்காலமே திரும்பாதே. பின்னறை காலியாக இருக்கிறது. ஒரு வாரம் இரு. உனக்குப் பிடித்த மாதிரி பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டுத் தருகிறேன். உட்கார்ந்து அவள் எண்ணுவதைச் சேர்ந்து கேட்போம்.

அன்புடன்,
உன் வெர்னா


நியூபோர்ட்
ஏப்ரல் 12, 2022

டெல்மருக்கு,

கொரின் எனக்கு எழுதியிருக்கிறாள். புதன்கிழமைப் பேச்சை எடுக்கச் சொல்லி நீ பிடிவாதமாக இருக்கிறாயாம். சிடியோடு வரும் புத்தகத்தை எழுதுகிறவருக்கு மிகவும் பிடித்த இடமாம் அது. பெரிய பாட்டுக்கு நடுவில் சாப்பாட்டுப் பேச்சு, எவ்வளவு இயல்பு என்கிறார். "நீங்க சொன்னா அவர் கேப்பார் ஆன்ட்டி, தயவுசெஞ்சு சொல்லுங்க" என்று எழுதி, அந்தப் பக்கத்தையும் அனுப்பியிருக்கிறாள். அதில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்.

பத்தாவது டேக்குக்கு முன். டேப் பெட்டியில் எழுதியுள்ள நேரம் 4:10.
டெல்மர்: இப்ப வேணாம். இது முடியட்டும். எங்கிட்ட விடு, நானே சொல்லிக்கிறேன்.
வெர்னா: என்னவாம்?
டெல்மர்: ஒண்ணுமில்ல. சாப்பிட என்ன வேணும்னு கேக்குறாங்க.
வெர்னா: எனக்குப் பொரிச்ச பலோனி சாண்ட்விச். வெங்காயம் தூக்கலா! (சிரிப்பு)

அந்தப் புத்தகம் எழுதுகிறவர் நாஷ்வில்லில் வேலை செய்தவர் இல்லை. நாம் செய்தோம். இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்துக்குத்தான் எழுந்திருப்போம். நடுவில் சாப்பாடு வேண்டுமா என்று எவனும் எவளையும் கேட்டதில்லை. அன்று வாத்தியக்காரர்களுக்கு நீதான் லீடர். கண்ணாடி அறையிலிருந்து பியூஃபோர்ட் பேசினால் உன் ஹெட்போனில் மட்டும்தான் கேட்கும்.

அந்த சாண்ட்விச் வரவேயில்லை, டெல்மர். ஐம்பத்திரண்டு வருடமாக அதைப் பற்றி நான் நினைத்ததில்லை.

நான்கு பத்துக்கு பியூஃபோர்ட் உன்னிடம் என்ன சொன்னான்? ஒரு வரி போதும்.

வெர்னா


மேடிசன்
ஏப்ரல் 20, 2022

வெர்னா,

அவன் சொன்னது இதுதான். "டெல்மர், ஹேஸ்கெட் அம்மா லைன்ல இருக்காங்க. புள்ளைக்கு மூச்சு ரொம்ப இழுக்குதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்களாம். வெர்னாவ உடனே அனுப்பச் சொல்றாங்க."

உடனே என்று சொன்னான். ஞாபகமில்லை என்று உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். நான்கு நாள் யோசித்தேன். மூன்றாவது சிடியில் தானாகக் கீறல் விழவில்லை, நான்தான் சாவியால் கீறினேன். டேப் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கேட்ட அன்று, என் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று பார்த்தேன். தடுமாற்றமே இல்லை.

ரெட்டாவுக்கு மாதத்தில் இரண்டு தடவை இழுப்பு வரும், நாமும் ஓடுவோம், சாயங்காலம் எழுந்து ஐஸ்கிரீம் கேட்பாள். அந்த வருடம் நீ இரண்டு ரெக்கார்டிங்கைப் பாதியில் விட்டு ஓடியதால் நம் இருவரையும் கூப்பிடுவதே குறைந்திருந்தது. எமெட் காலையிலிருந்து இரண்டு முறை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நீ போனால் பாட்டு போய்விடும். முதல் தடவையாக என்னை லீடராகப் போட்டிருந்தார்கள். இதெல்லாம் காரணம். ஆனால் இது எதுவும் முழுக் காரணமில்லை. அந்த ஸ்டீல் கிட்டார் இடம் பத்தாவதில் பாதி கைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒன்று எடுத்தால் முழுதாக வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. வந்தது. பதினொன்றாவது முடிந்ததும் எமெட் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தார். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன், வெர்னா. நான்கு முப்பத்திரண்டுக்கு உலகத்திலேயே சந்தோஷமான ஆள் நான். அதன் பிறகுதான் உன்னிடம் வந்து, இப்போதுதான் போன் வந்தது என்றேன்.

மெம்ஃபிஸ்காரி என்று யாரும் கிடையாது. நீ அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு சமையலறையில் நிற்பாய். என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. போவதற்கு நீ நம்புகிற மாதிரி ஒரு காரணம் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமையை மட்டும் உனக்குக் கொடுத்துவிட்டு, புதன்கிழமையை என்னோடு மண்ணுக்குள் கொண்டுபோய்விடலாம் என்றுதான் இருந்தேன். நீ பின்னறையைப் பற்றி எழுதிய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒரு வாரம் இரு என்று எழுதியிருந்தாய்.

திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

டெல்மர்


நியூபோர்ட், டென்னசி
மே 3, 2022

டெல்மர் ஸ்டோக்ஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

மூன்றாவது சிடியை கொரினிடம் கேட்டு வாங்கிக் கேட்டேன். நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

அன்று நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மணி நான்கு ஐம்பது. ஒன்பது நிமிடத்துக்கு முன்னால் போய்விட்டாள் என்று நர்ஸ் சொன்னது உங்களுக்கும் தெரியும், பக்கத்தில்தான் நின்றீர்கள். கடைசி வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னாள். ஸ்டூடியோவிலிருந்து அங்கே பதினெட்டு நிமிடம். நான்கு பத்துக்கு என்னிடம் சொல்லியிருந்தால் அவளோடு பதின்மூன்று நிமிடம் இருந்திருப்பேன். காப்பாற்றியிருப்பேன் என்று சொல்லவில்லை. அது டாக்டர்களாலேயே முடியவில்லை. அந்தப் பாட்டு மூன்றேகால் நிமிடம். அவள் காதில் நான்கு தடவை பாடியிருக்கலாம்.

இரண்டு நாள் பேச்சையும் வெளியிட நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட்டு அனுப்புங்கள். படிவம் இத்துடன் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வெளியே வந்தால் புதன்கிழமையும் வரவேண்டும். ஒதுக்கிவைத்த டேக்குகளுக்கு என்ன மதிப்பு என்று புத்தகத்துக்கு என்னிடம் இரண்டு வரி கேட்டார்கள். இப்படி எழுதிக் கொடுத்தேன்: "முதலில் இதைத் தோல் என்று சொன்னேன், தவறு. என் மகளின் குரலும் என் கணவரின் குரலும் உள்ளபடியே இருப்பது இதில் மட்டும்தான்." அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

நேற்று சூப்பர் மார்க்கெட்டில் பாட்டு வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இருபத்திரண்டாம் தேதி நீங்கள் வரவேண்டாம். அடுத்த வருடமும் வேண்டாம். கல்லை நானே துடைத்துக்கொள்கிறேன்.

வெர்னா டாக்கெட்